ஆறு கிலோ

அருள்தாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நின்றார். வந்த மொத்தத்தில் அவருடைய எழுபத்திரண்டு கிலோவைக் கழித்தாள் மனைவி ஜெசிந்தா. கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுபத்திரண்டுதான். பெட்டி சரியாகப் பதினைந்து. விமான நிலையத்தில் அதே பெட்டி இருபத்தொன்று காட்டியது.

"ஆறு கிலோ கூடுதல் மேடம்" என்றாள் கவுன்ட்டர் பெண், ஜெசிந்தாவிடம்.

"வீட்டு மெஷின் கோளாறுதான், வேறென்ன" என்று அருள்தாஸ் தரையில் குனிந்து பெட்டியைத் திறந்தார். சட்டை மேலேறியது. பெல்ட்டில் பழைய ஓட்டைகளைத் தாண்டி, இன்னும் இறுக்கிப் போட ஆணியால் குத்திய புது ஓட்டைகள் தெரிந்தன. அவளுக்குத் தெரியாமல் எப்போது குத்தினாரோ.

"சொல்லு ஜெசி, எதை எடுத்துடலாம்?" என்றார் நிமிராமலே.

ஜெசிந்தா அந்த பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.