வேறொருவன் விட்ட புகை

வண்டிக்கு அடியில் மூன்று மணி நேரம் மல்லாந்து கிடந்ததில் செங்கோடனுக்குக் கழுத்து திரும்ப மறுத்தது. ஓட்டை விழுந்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கிய குழாயை அவனே மாட்டியிருந்தான். புகைச் சோதனையில் தேறினால்தான் நாளைக்கு மில்லுக்கு ஆள் ஏற்ற முடியும்.

சோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா குழாய்க்குள் கருவியைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“புகை சுத்தமா இருக்குதுங்கண்ணா. ஆனா குழாய் உங்களுது இல்லையே?”

“ஏனுங்க, காசு குடுத்து வாங்குனதுங்க. திருட்டுச் சாமான் இல்லீங்க.”

“கருவியில காட்டுதுங்க, இது பதினோரு வருசம் ஒரு கோழிப்பண்ணை வேன்ல இருந்திருக்குது. அந்தப் புகைய வேன்காரரு ஈடு கட்டவே இல்ல. இப்ப யாரு வண்டியில குழாய் இருக்குதோ, அவங்கதான் கட்டோணும்.”

“அப்பக் கழட்டி வீசிர்றனுங்க.”

“கருவி வெச்சதுமே உங்க பேருக்கு ஏறிருச்சுங்கண்ணா.”

“அந்த வேன்காரரு எங்கீங்க?”

“செத்து ஆறு வருசமாச்சு.”

“புகையிலதானுங்களா?”

“அதெல்லாம் இதுல காட்டாதுங்க.”

இரண்டு சீட்டுகளை நீட்டினாள். முதல் சீட்டில் வண்டி தேறியதாக இருந்தது. இரண்டாவதில், அந்தப் புகைக்கு ஈடாகச் செங்கோடன் வண்டியை எடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டிய நாட்கள் இருந்தன: இரண்டாயிரத்து நூற்று நாற்பது.