மூடிக் கிடந்த கணப்பு

பலகையைப் பெயர்த்ததும் பழைய செங்கல் கணப்பிலிருந்து கரி கொட்டியது. கொத்தனார் கேரத் புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தான்.

“இவ்ளோ நல்ல கணப்பை ஏன் மேடம் மூடி வெச்சீங்க?”

“அவருக்கு நெருப்புன்னாலே ஆகாதுப்பா,” என்றாள் வின்னி. “முப்பது வருஷமா ஹாலிஃபாக்ஸ் குளிர்ல நான் ரெண்டு ஸ்வெட்டரோட நடுங்குறேன். மெழுகுவத்திகூட ஏத்த விடமாட்டார். இப்பதான் மனசு இறங்கியிருக்கார்.”

“ஆம்பளைக்கு இவ்ளோ பயமா?”

வாசலில் நின்ற அவள் கணவர் ராய்ஸ்டன் காதில் அது விழுந்தது. அவர் உள்ளே வந்து பழைய செங்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

கேரத் பழுதான கற்களை மாற்றிப் பூசிவிட்டுப் போனான்; பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி வந்தான்.

“பத்த வைக்கலாம். யாரு வைக்கிறீங்க?”

ராய்ஸ்டன் மண்டியிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார். விறகு பற்றிக்கொண்டது.

“பயம்தான் தம்பி. நான் ராத்திரி டியூட்டிக்குப் போயிட்டா இவ தனியா இருப்பாளே! போன மாசம்தான் தீயணைப்பு நிலையத்துல ரிட்டயர் ஆனேன். ஊர் நெருப்பையெல்லாம் அணைச்சவன், இன்னிக்குத்தான் ஒண்ணைப் பத்த வெச்சிருக்கேன்.”

வின்னி ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

“பழக்க தோஷத்துல இதையும் அணைச்சுத் தொலைச்சிடாதீங்க!”