தகர மாஸ்டரின் முதல் நாடா

பதினான்காவது நிமிடத்தில் நிரோஜினி கையை உயர்த்தினாள்.

ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. முகத்தில் மட்டும் அப்படியொரு பூரிப்பு.

மேசைக்கு அந்தப் பக்கம் அன்ஸார் நின்றிருந்தான். பதினான்காவது நிமிடத்தில் என்னத்தை வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மாஸ்டர் ஐரோப்பிய இசையையே நக்கலடிக்கிறார்!" காது அடைத்திருந்ததால் அவள் தேவைக்கு மேல் கத்தினாள். "சின்னனில பியானோ வகுப்பில நான் அழுதழுது பழகின மெட்டு! தூரத்திலயிருந்து வந்து, கிட்ட வந்து கோணி, பிறகு அப்படியே போகுது. எழுபத்தி நாலில ஆர் இப்பிடி யோசிச்சது?"

யாரும் யோசிக்கவில்லை. அது பாண் ஓட்டோ.

காலையும் மாலையும் அந்த மெட்டை ஊளையிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பேக்கரிப் பாண் விற்கும் வண்டி. திருகோணமலையில் அதை இசையென்று யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேட்டால் சில்லறை தேடுவார்கள், அவ்வளவுதான். முந்தாநாள் ஜெர்மனியிலிருந்து வந்து, உப்புவெளி ஹோட்டலில் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்த பெண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

எதிரே, தன் வீட்டுக் கதிரையில் புஷ்பவதி ரீச்சர் இருந்தார். தகர மாஸ்டரின் மனைவி.

தகர மாஸ்டர் என்பது ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது சிவகுருநாதன். துறைமுகத்தில் கிளாக்கர். வேலை முடிந்து வந்தால் தகரம், நங்கூரச் சங்கிலி, ஓட்டை வாளி என்று அகப்பட்டதையெல்லாம் அடித்தும் உரசியும் ஸ்பூல் நாடாவில் பதிந்துவிட்டு, இதுதான் புது இசை என்பார். அயலவர்கள் கூரைக்குக் கல்லெறிந்தார்கள். மனுசன் அந்தச் சத்தத்தையும் பதிந்துகொண்டார்.

ஒரேயொரு நாடா ஜெர்மனிக்குப் போனது. அங்கே ஒரு சஞ்சிகை மூன்று வரி பாராட்டி எழுதியது. அவர் செத்துப் பல வருடம் கழித்து, அந்த மூன்று வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் இந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறது. ஆரம்பகாலப் பதிவு கிடைத்தால் அவர் பெயரில் ஒரு இசைத்தட்டு வரும். ஊரெல்லாம் சிரித்த மனிதரின் பெயரில்.

கிடைத்தது. மூன்று கிழமைக்கு முன் ரீச்சரே, எழுபத்தி நாலில் பதிந்தது என்று ஒரு நாடாவைத் துவாயில் சுற்றிக்கொண்டு, உட்துறைமுக வீதியில் இருக்கும் அன்ஸாரின் கடைக்கு வந்தார். பழைய ஸ்பூல் மெஷின் அவனிடம்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொன்னார்.

அன்ஸாரின் தொழில் கலியாண வீடியோ. ஃபேன் இரைச்சல், காகம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் எதையும் சேமிப்பான். கைப்பழக்கம். இதையும் துடைத்தான்.

துடைத்து முடிய நாற்பது நிமிடத்துக்கு ஒரு நேர்கோடு மட்டும் மிஞ்சியது.

இரைச்சல்தானே இசை என்று அப்போதுதான் அந்த மண்டையில் உறைத்தது. மறுபடி ஓட்டலாமென்று நாடாவைப் போட்டான். ஒருமுறை ஓடியதற்கே அது அப்பளம் மாதிரி நொறுங்கிப்போனது. அன்றைக்கு அன்ஸார் அழுதான். ஒரு மனிதனின் வாழ்நாளையே அழித்துவிட்டோம் என்று உண்மையாகவே அழுதான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தகரத்தைத் தேடினான்.

கடை மொட்டைமாடியில் நாற்பது நிமிடம் தட்டினான், உரசினான், சங்கிலியை இழுத்தான். மனைவி சனூஸா மேலே வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். பாண் ஓட்டோ வந்துபோனது அவனுக்குக் கேட்கவேயில்லை. ஊரின் இரைச்சலையெல்லாம் பொறுக்கி எறிகிறவனுக்கு அந்த ஒன்று மட்டும் தப்பிவிட்டது.

அந்தக் கூத்தைத்தான் இப்போது இந்தப் பிள்ளை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்ஸார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். நாலரை.

வீதி முடக்கில் அந்த மெட்டுக் கேட்டது.

முதலில் மெல்லிசாக. பிறகு, பதினான்காவது நிமிடத்தில் வந்ததைப் போலவே, கோணிக்கொண்டு கிட்ட கிட்ட.

நிரோஜினி ஹெட்போனைக் கழற்றக் கையை வைத்தாள். அன்ஸார் மனதுக்குள் கலிமாவைச் சொல்லிக்கொண்டான்.

புஷ்பவதி ரீச்சர் எழுந்தார். அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அமத்தினார். முதலிலிருந்து இன்னொருக்கா ஓடவிடச் சொல்லி அன்ஸாருக்குக் கண்ணால் காட்டினார். அந்தக் கைகளின் சூட்டில் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தலையாட்டி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பாண் ஓட்டோ படலையடியில் நின்றது. ஊளையிட்டது. யாரும் வராததால் போய்விட்டது.

ரீச்சர் கையை எடுக்கவில்லை. அவள் தலைக்கு மேலாக அன்ஸாரைப் பார்த்தார்.

"தொண்ணூறில ஊரைவிட்டு ஓடேக்க, ஆமி பிடிச்சா என்ன சத்தமெண்டு கேப்பாங்களெண்டு அவர் எல்லாத்தையும் எரிச்சுப்போட்டார், தம்பி. திரும்பி வந்து தொடங்குவமெண்டு மூண்டு வெறும் நாடா மட்டும் வச்சிருந்தவர். தொடங்கேல்ல. உங்களிட்ட தந்தது அதில ஒண்டு."

அன்ஸார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு அலுமாரிக்குள்ள கிடக்கு" என்றார் ரீச்சர். "அடுத்தமுறை பாண்காரன் போனாப்பிறகு தொடங்குங்கோ."