ராஜ்கமல் காரில் ஒரு கிணிகிணி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ராஜ்கமல் தன் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி, கூட வேலை பார்க்கும் என் சித்தி மகள் மேனகா கேட்டு, வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தபடி எனக்குச் சொன்னது.

ராஜ்கமலுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அந்தத் திறமையை வீட்டுக்கும் எடுத்துவந்ததுதான் வினை.

போன மாதம் செகண்ட்ஹேண்டில் ஒரு குட்டிக் கார் வாங்கினான். வாங்கிய கையோடு டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர். மாட்டிக் கொடுத்தது லாஸ்பேட்டையில் புதிதாகக் கடை போட்ட அஸாருதீன்.

"சின்ன வண்டிண்ணா, தகடு மெல்லிசு. பேஸ் வெச்சா எல்லாம் ஆடும். கதவுக்குள்ள, டிக்கிக்குள்ள ஷீட்டு ஒட்டித் தரேன். ஒரு சத்தம் வராது."

வரவில்லை. கடை வாசலில் வரவில்லை.

முத்தியால்பேட்டையில் ராஜ்கமல் வீடு இருப்பது ஒரு சந்தில். காரை நிறுத்தினால் எதிர்வீட்டு ஜன்னலை உரசாத குறை. அங்கே நிறுத்தி, தெருவே கேட்கட்டும் என்று கதவுகளைத் திறந்துவிட்டுப் பாட்டைப் போட்டான். 'தும்' என்று விழும் ஒவ்வோர் அடிக்கும் பின்னாலேயே 'கிணிகிணி' என்று ஒரு சத்தம்.

திரும்பக் கடைக்கு ஓட்டினான். சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்தான். கிணிகிணி.

"கடையில மட்டும் வராத மாதிரி ஏதோ செட்டிங் பண்ணி வெச்சிருக்கான்" என்று முடிவுகட்டினான். எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவன் கட்டிய முடிவு!

கூகுளில் கடையைத் தேடி ஒரே ஒரு ஸ்டார் போட்டான். 'வேலை சுத்தமில்லை. யாரும் ஏமாற வேண்டாம்' என்று எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை அஸாருதீன் டூல்ஸ் பையோடு வாசலில் வந்து நின்றான்.

"ண்ணா, கடை தொறந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. அந்த ரிவ்யூவப் பாத்துட்டு ஒருத்தரும் உள்ள வர மாட்றாங்க. இத நம்பித்தான் வேலைய விட்டேன். அத மட்டும் எடுத்துடுங்கண்ணா."

"சத்தம் நிக்கட்டும் பாய், எடுத்துடறேன்."

அஸாருதீன் பின் சீட்டைக் கழற்றினான். ஜாக்கியைத் துணியில் சுற்றினான். ஸ்டெப்னியை இறுக்கினான். வெயிலில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் ஒட்டினான்.

கிணிகிணி.

"ண்ணா, இது கார்ல இல்லியோன்னு தோணுது."

"பின்ன எங்க, என் காதுலயா?"

எதிர்வீட்டு ஷாஜாதி அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னுமா தம்பி அந்தச் சத்தம் நிக்கல?"

"எங்கக்கா நிக்கும்? வேலை தெரியாத ஆளுகிட்ட குடுத்துட்டேனே!"

அக்கா, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அஸாருதீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"தள்ளு பாய், நான் பாக்கறேன்" என்று ராஜ்கமலே களத்தில் இறங்கினான். டாஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டு, ஏதோ ஓர் இடுக்கில் நிதானமாக ஒரு துண்டு ஃபோமைத் திணித்தான். பாட்டைப் போட்டான்.

தும். தும். தும். வேறு சத்தமே இல்லை!

"பாத்தியா?"

"நின்னுடுச்சுண்ணா. எப்பிடின்னுதான் தெரியல. ரிவ்யூ..."

"நிறுத்துனது நானு. எப்பிடின்னே தெரியாதவனுக்கு என்னன்னு பாய் எழுதறது?"

அஸாருதீன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சாயந்திரம் ஷாஜாதி அக்கா கூப்பிட்டார். "தம்பி, இந்த சிலிண்டர உள்ள தூக்கி வெச்சுட்டுப் போயேன்."

தூக்கிக்கொண்டு போன ராஜ்கமல் நடுவீட்டிலேயே நின்றுவிட்டான். கண்ணாடி அலமாரி காலி. டம்ளர், தட்டு, பீங்கான் கோப்பை எல்லாம் கட்டில் மேல். ஒன்றோடொன்று இடிக்காதபடி நடுநடுவே பழைய புடவைத் துண்டுகள்.

"என்னக்கா, வெள்ளையடிக்கப் போறீங்களா?"

"அட, இல்ல தம்பி. நீ பாட்டு போட்டா இதுங்களும் கூடவே பாடுதுங்க. உன் கார்ல இருக்கற சத்தம்னு நெனச்சுக்கிட்டு அந்தப் புள்ளயப் போட்டு வறுத்தெடுக்கற. நம்ம வீட்டு டம்ளரால அது பொழப்பு போவணுமா? அதான் எல்லாத்தையும் எறக்கிட்டேன்."

"பாட்ட நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா!"

"ஆசப்பட்டுக் கார் வாங்கியிருக்க. அத எப்பிடிச் சொல்றது?"

"அப்ப நீங்க எங்க படுப்பீங்க?"

"ஏன், தரை இவ்ளோ கெடக்குதே!"

இந்த இடத்தை ராஜ்கமல் நடித்தே காட்டினானாம். சிலிண்டரோடு தான் திருதிருவென்று விழித்தது, டாஷ்போர்டுக்கு அடியில் டாக்டர் மாதிரி ஃபோம் வைத்தது, எல்லாவற்றையும். "என்னை மாதிரி ஒரு முட்டாள பாண்டிச்சேரி முழுக்கத் தேடினாலும் கெடைக்காது" என்றானாம். கேட்டவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம்.

"அந்த ஒத்த ஸ்டாரு என்னாச்சு?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"அத அன்னைக்கே எடுத்துட்டேம்ப்பா. அஞ்சு ஸ்டார் போட்டு சாரியும் சொல்லிட்டேன்."

மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு பேர் முன்னாடி தன்னைத்தானே இப்பிடிக் கிண்டல் பண்ணிக்கறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும், இல்ல?"

ஆமாம் என்றுதான் நானும் தலையாட்டினேன்.

அவள் போன பிறகு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அந்தக் கடையை என் போனில் தேடினேன். இருந்தது ஒரே ஒரு ரிவ்யூ. எழுதியவர் ராஜ்கமல். ஒரு ஸ்டார்.