மஞ்சப்பொட்டிக்கு ஆயுசு எவ்வளவு

"கம்பெனிய மூடிட்டானுங்களாம்ணா. நம்ம மஞ்சப்பொட்டி அவ்ளோதான்."

பலமனேரிலிருந்து கிருஷ்ணப்பா போனில் இப்படிச் சொன்னபோது கோவர்த்தனன் திடுக்கிடவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த சேதிதான் அது.

மஞ்சப்பொட்டி என்றால் பாட்டு ரெக்கார்டிங் செய்கிற சாஃப்ட்வேர். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் உண்டு. கோவர்த்தனன் அஞ்சாங்கிளாஸோடு நின்றவர், அதைப் படித்ததில்லை. திரையில் மஞ்சள் பெட்டிப் படத்தை அமுக்கினால் வேலை நடக்கும். அது போதாதா? சித்தூரில் வீட்டுப் பின்னறையில் மைக் வைத்து, குடிபாலா வரைக்கும் ஜாத்திரைக்கெல்லாம் அம்மன் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு பாட்டு. குரல் தனியாக, பம்பை மேளம் தனியாக, எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்கிற மாதிரி எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. அவர் ஒரு ஆயுசில் சம்பாதித்தது என்று காட்ட அது ஒன்றுதான்.

தன் பென் டிரைவிலிருந்து மஞ்சப்பொட்டியைக் கிருஷ்ணப்பாவையும் சேர்த்து இதே தொழிலில் இருக்கிற பத்துப் பேருக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவரே. கூடவே ஒரு புத்திமதியும் சொல்லி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் மட்டும் கொடுக்காதீர்கள், கம்பி வழியாகக் கம்பெனிக்காரன் எட்டிப் பார்ப்பான். எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தன் பின்னறையில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கிருஷ்ணப்பா செல்போனில் தேடித் தேடிப் பார்த்தானாம். அந்தப் படமும் இல்லை, அந்தப் பேரும் இல்லை. கம்பெனியை யாருக்கோ விற்றுவிட்டார்கள், பெட்டிக்குள் இருக்கிற பாட்டெல்லாம் வாங்கினவனுக்கே சொந்தம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் போட்டிருந்தான். பதினோரு பேரும் பத்து நாள் சண்டை போட்டுக்கொண்டார்கள். மஞ்சப்பொட்டியிலேயே இருக்கலாமா, வேறே பார்க்கலாமா? "நான் அப்பவே சொன்னேன்" என்று கோவர்த்தனன் தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அப்பவே என்ன சொன்னார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

பாட்டுகளைக் காப்பாற்ற அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மஞ்சப்பொட்டியிலிருந்து நேராகக் காப்பி எடுத்தால் கம்பெனிக்காரன் பூட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு பாட்டையும் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, எதிரில் செல்போனைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தார். இருபது நாள். அதுவரை வீட்டில் மிக்ஸி கூடாது, டிவி கூடாது, உரக்கப் பேசக் கூடாது.

"மூச்சு வுடலாமா, அதுவும் கம்பெனிக்காரனுக்குக் கேட்டுடுமா?" என்றாள் அவர் மனைவி சுலோச்சனா. மூச்சை விட்டாள். குக்கரையும் வைத்தாள்.

இருபத்தோராம் நாள் காலை, வேறு சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள அவர் திருப்பதிக்கு பஸ் ஏறினார். அங்கே ரகுநந்தன் என்று ஒரு பையன். முப்பத்தைந்து வயசு, நெற்றியில் திருமண் சின்னதாக இருக்கும். கோயில் கைங்கர்யக்காரர்கள் பாடுகிற பாசுரங்களை வீட்டு மாடியில் ரெக்கார்ட் செய்கிறவன்.

செல்போன் பாட்டு ஒன்றை அவன் பொறுமையாகக் கேட்டான். அம்மன் ஆவேசமாக இறங்கி வருகிற இடத்தில் குக்கர் மூன்று விசில் அடித்தது.

"தாளத்துல சேர்ந்துதான் இருக்கு சார்" என்றான் மரியாதைக்கு.

பிறகு தன் கம்ப்யூட்டரில் ஒரு நீல வட்டத்தை அமுக்கித் திறந்து காட்டினான். மத்தியானத்துக்குள் கோவர்த்தனனுக்கு அது கைவந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம். கை தானாகப் போகிற இடத்திலேயே எல்லாப் பட்டனும் இருந்தன. மஞ்சப்பொட்டியைச் செய்தவன் திருடன், இதைச் செய்தவன் தொழில் தெரிந்த மனுஷன் என்று ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார். அந்தக் கம்பெனிக்காரனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். இந்த நீலத்தைப் பென் டிரைவில் வாங்கிப்போய் மற்றப் பத்துப் பேருக்கும் போட்டு, அந்தக் கம்பெனிக்குப் புத்தி வரவழைக்கப் போவதாகவும் சொன்னார்.

ரகுநந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார், கோச்சுக்காதீங்கோ. நீங்க இத்தனை நாழி திட்டின கம்பெனிதான் இதையும் பண்றது. இதுதான் உங்க மஞ்சப்பொட்டி. எட்டு வருஷம் முன்னாடியே பேரையும் படத்தையும் மாத்திட்டா. நெட்டு குடுத்திருந்தா உங்களோடதும் தானா மாறியிருக்கும்."

கோவர்த்தனன் நீல வட்டத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் வட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ விக்கலையா? மூடலையா?"

"நன்னா நடந்துண்டிருக்கு. உங்க பழைய பாட்டெல்லாம் இதுல அப்படியே திறக்கும், குரல் தனியா, பம்பை தனியா. ஏதாவது ஒரு பழைய ஃபைல் கொண்டு வந்திருக்கேளா? இப்பவே காட்டறேன்."

கோவர்த்தனன் செல்போனை மட்டும் எடுத்து நீட்டினார்.

"வாங்கினவன் கையில மாட்டக் கூடாதுன்னு, காலையில பஸ் ஏறச்சே அத்தினியும் அழிச்சிட்டு வந்துட்டேன் சாமி."

அழிக்கும்போது, நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டிருந்தது. இவனுக்கு எதற்கு என் பாட்டு மேல் இத்தனை அக்கறை என்று சந்தேகப்பட்டுத்தான், இரண்டாவது தடவை அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி அமுக்கியிருந்தார்.