தெரு நடுவே ஒரு கோடு

கான்சாஸ் மாநில செனட்டர் ஆர்வில் தேர்தல் அலுவலகத்திலிருந்து முகம் தொங்கத் திரும்பினார்.

"மனு கொடுத்தாச்சா, ஆர்வில்?" என்றாள் மனைவி லொரெட்டா.

"வாங்க மாட்டேங்கிறாங்க. தொகுதி எல்லையை மாத்தினதுல நம்ம வீடு அடுத்த தொகுதிக்குப் போயிடுச்சு. உள்ள குடியிருக்கறவங்கதான் நிக்கலாமாம்."

"இத்தனை வருஷப் பதவி போச்சா? உன்னை எதிர்த்து நிக்கிறானே எதிர்வீட்டு கிளைடு, அவன் வீடு?"

"தொகுதிக்குள்ளதான் இருக்கு."

"அப்ப இது அவன் வேலைதான். கோர்ட்டுக்குப் போ."

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார்.

"எப்படிப் போறது? அவனை வெளிய தள்ளணும்னு தெரு நடுவுல கோடு போட்டதே நான்தான். மேப்பைத் தலைகீழா வெச்சுப் போட்டிருக்கேன்."

லொரெட்டா ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"சபையில அந்த எல்லை மசோதா நிறைவேறினப்ப கிளைடோட கட்சிக்காரங்கதான் ரொம்ப நேரம் கை தட்டினாங்க. நான் எழுந்து நின்னு நன்றி வேற சொன்னேன்."