ஏழாவது வாரம்

மருத்துவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக் காட்டினார்.

"இப்படி இருக்கணும்."

பிறகு முறுக்கைப் பிரித்து இரண்டையும் நேராக நிமிர்த்தினார்.

"உங்க குழந்தைக்கு இப்படி இருக்கு."

அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் தடவிய ஜெல் இன்னும் சில்லென்றிருந்தது.

இதயம் முதலில் இதயமாக இருப்பதில்லையாம்.

வெறும் குழாய். வளைவதற்கு முன்பே துடிக்கத் தொடங்கிவிடுமாம். துடித்துக்கொண்டே வளைந்து, மடிந்து, அறை அறையாகப் பிரியுமாம். அதன் உச்சியில் ஒரே ஒரு தடித்த ரத்தக்குழாய். அதற்குள் ஒரு சுவர் இறங்கி அதை இரண்டாக்கும். சுழல் படிக்கட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். அப்போதுதான் ஒரு குழாய் நுரையீரலுக்கும் இன்னொன்று உடம்புக்கும் சரியாகப் போய்ச் சேரும்.

இந்தக் குழந்தைக்குச் சுவர் சுற்றவில்லை.

நேராக இறங்கிவிட்டது. குழாய்கள் இடம் மாறிவிட்டன.

மருத்துவர் அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் நிதானமாகவே சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, தாயின் ரத்தம் பார்த்துக்கொள்ளும். வெளியே வந்து மூச்சு இழுத்த பிறகுதான் ஆபத்து. அதனால் பிரசவம் சென்னையில் நடக்கட்டும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் குழாய்களை வெட்டி மாற்றித் தைத்துவிடலாம். அப்படிப் பிழைத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது எப்ப நடந்தது டாக்டர்?"

"ஏழாவது, எட்டாவது வாரத்துல. அதுக்கு நீங்க காரணம் இல்லம்மா."

பின்னால் சொன்னது அவள் காதில் விழவில்லை. அதற்குள் வாரங்களை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

வெளியே கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒரு கர்ப்பிணியைச் சுற்றி ஐந்து பேர். ஒருத்தி பிளாஸ்கிலிருந்து பால் ஊற்றினாள், ஒருத்தி விசிறினாள். இவள் ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விரல் மடக்கி எண்ணினாள்.

அக்டோபர்.

கணவன் ஜெரோம் கப்பல் வேலைக்குப் புறப்பட்ட வாரம்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் ரயில் நகர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. வீடு ஒழுகியது. நனைந்த மெத்தையை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து வைத்தாள். வியாழக்கிழமை கணவாய் மீன் குழம்பு வைத்தாள், தின்றது அப்படியே வெளியே வந்துவிட்டது. கணவாய் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். நாள் தள்ளிப்போவது அவளுக்கு வழக்கம்தான் என்பதால் வேறெதுவும் தோன்றவில்லை.

சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தாள். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமியார் நாகர்கோவிலில் மூத்த மகன் வீட்டில் படுத்த படுக்கை.

வீட்டில் யாருமே இல்லையே என்று அழுதாள்.

அது நன்றாக நினைவிருக்கிறது.

மெத்தையோ, கணவாயோ, அழுகையோ. எது காரணம் என்று தெரியவில்லை. எதுவுமில்லை என்று சொன்னால் நம்பவும் முடியவில்லை.

அந்த அழுகைக்குள்தான் அந்தச் சுவர் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குத் துணையாக ஒருவரும் இல்லை. அவளும்கூட இல்லை.

கைப்பேசியை எடுத்தாள். கப்பல் சிக்னல் எல்லையைத் தாண்டும் முன் ஜெரோம் அனுப்பியது கடைசியாக இருந்தது. ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?

அடுத்த துறைமுகத்துக்கு ஒன்பது நாள்.

நீளமாக எழுதினாள். அழித்தாள். ஒன்பது நாள் கடலைப் பார்த்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

துடிப்பு நல்லா இருக்கு.

அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. எழுதியது பொய்யில்லை.

"வினோலியா யாரு?"

கவுண்டருக்குப் போனாள். நரை விழுந்த ஒரு நர்ஸ் சென்னை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நீட்டினாள். முதல் கட்டத்தில் நோயாளியின் பெயர். தன் பெயரை எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் உடனிருப்பவர்.

பேனா அங்கேயே நின்றது.

ஜெரோம் இல்லை. அம்மா இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், சென்னைக்கு எப்படி வருவாள்?

கட்டத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நர்ஸ் படித்தாள். மேலே எழுதியிருந்த பெயரின்மேல் ஒரு கோடு போட்டாள்.

"பேஷன்ட் நீங்க இல்லம்மா. குழந்தைதான்."

வினோலியாவின் குழந்தை என்று அங்கே எழுதினாள். பிறகு படிவத்தை அவள் பக்கம் திருப்பி, காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"உங்க பேரு இங்க வரணும்."

அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

வயிற்றுக்குள் ஒரு குதிகால் இடப்பக்கம் இழைந்து போனது.

பேனாவை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

பக்கத்தில் உறவு என்று இன்னொரு கட்டம் இருந்தது.

அதையும் நிரப்பினாள்.